தர்ஸ்டனின் அளவுகோலும் இருளர் வாழ்வும்

தென்னிந்திய மக்களைப் பற்றி ஏதேனும் எழுத முற்படுவோர் முதலில் தேடிச் செல்லும் நூல் ஒன்று உண்டு. எட்கர் தர்ஸ்டன் என்பார் கே. ரங்காச்சாரியின் துணையுடன் எழுதி, 1909-ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூல் அது. 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்ற பெயரில் க. ரத்னம் அவர்கள் அதனைத் தமிழாக்க, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்டுள்ளது. நூறாண்டுகளுக்கு மேலாகியும் அந்நூலின் செல்வாக்கு குறையவில்லை. ஆய்வேடுகளிலும் அரசு வெளியீடுகளிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் அது மேற்கோளாகக் காட்டப்படுகின்றது. ஒரு நூலுக்கு இத்துணை மதிப்பு இருக்குமாயின், அதனை அறிவியலின் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது நம் கடமையாகும்.

ஏழு தொகுதிகளையும் மதிப்பிடுவது இங்கு நோக்கமன்று. இரண்டாம் தொகுதியில் இருளரைப் பற்றி வரும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். உத்திரமேரூர் வட்டாரத்தில் வாழ்வோருக்கு இருளர் அயலார் அல்லர். ஏரிக்கரை ஓரத்திலும் வயல் வரப்பிலும் செங்கற்சூளையிலும் நாம் அன்றாடம் காணும் மக்கள் அவர்கள். வில்லியர் என்றும் அவர்களுக்குப் பெயருண்டு. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் அவர்களின் தொகை ஏறக்குறைய 1 இலட்சத்து 90 ஆயிரம். நாம் நேரில் அறிந்த மக்களைப் பற்றி ஒரு நூல் கூறுவதைச் சரிபார்ப்பது எளிது. அந்த வாய்ப்பை நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

நூலாசிரியருக்குச் சேரவேண்டிய பாராட்டு

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தர்ஸ்டன் சோம்பேறியான ஆசிரியர் அல்லர். இலண்டனில் மருத்துவம் பயின்ற அவர், 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக விளங்கினார். மலைகளுக்கும் சிற்றூர்களுக்கும் நேரில் சென்று மக்களைப் பார்த்தார். இருளரின் உணவு, தொழில், வழிபாடு, திருமணம் ஆகியவை பற்றிச் சில செய்திகளையேனும் எழுதி வைத்தார். ஈசல் பிடிக்கும் வழக்கத்தைக்கூட அவர் குறிப்பிடாமல் விடவில்லை. அவர் எழுதாதிருந்தால், அக்காலத்து இருளரைப் பற்றி அச்சில் கிடைக்கும் செய்திகள் இன்னும் குறைந்திருக்கும்.

குறை அவருடைய உழைப்பில் இல்லை. அவர் கையில் எடுத்துச் சென்ற அளவுகோலில் இருக்கிறது. அவர் மனிதர்களை அளந்தார். உயரம், தலையின் நீளம், தலையின் அகலம், மூக்கின் உயரம், மூக்கின் அகலம் ஆகியவற்றை அளந்து அட்டவணைகளாக்கினார். எண்கள் வந்தவுடன் நூலுக்கு அறிவியல் தோற்றம் வந்துவிட்டது. எண்கள் இருந்தால் அறிவியல் ஆகிவிடுமா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

மூக்கை அளந்த கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் 'மூக்குக் குறியீட்டெண்' என்ற ஓர் அளவு பெரிதும் போற்றப்பட்டது. மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து 100 ஆல் பெருக்கினால் கிடைப்பது இந்த எண். 70-க்குக் கீழே இருந்தால் கூரிய மூக்கு. 70 முதல் 85 வரை இடைப்பட்ட மூக்கு. 85-க்கு மேல் அகன்ற மூக்கு என்று வகுத்தனர். வங்காளத்தில் ரிஸ்லி என்ற ஆங்கில அதிகாரி இந்த எண்ணைக் கொண்டு சாதிகளை வரிசைப்படுத்தினார். மூக்கு கூர்மையாக ஆக சமூகத்தில் தகுதி உயர்கிறது என்பது அவர் கொள்கை. தர்ஸ்டனும் அதே கருவியைத் தெற்கே கொண்டுவந்து, காட்டு மக்களைக் குட்டையான உருவமும் அகன்ற மூக்கும் உடையவர்கள் என்று வகைப்படுத்தினார்.

கல்லூரியில் இயற்பியல் பயிலும் முதலாண்டு மாணவர் செய்யும் முதற் சோதனை வெர்னியர் அளவியைக் கொண்டு ஒரு பொருளை அளப்பதாகும். அளவை எழுதுவதற்கு முன் அவரிடம் மூன்று கேள்விகள் கேட்போம். கருவியின் மீச்சிற்றளவு என்ன? சுழிப் பிழை உண்டா? எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை அளந்தாய்? இதே கேள்விகளை மூக்குக் குறியீட்டெண்ணிடமும் கேட்போம்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவருடைய மூக்கின் அகலம் 36 மில்லிமீட்டர், உயரம் 45 மில்லிமீட்டர் என்று கொள்வோம். குறியீட்டெண் 80 ஆகும். இப்போது அகலத்தில் 1 மில்லிமீட்டர் கூடுதலாகவும் உயரத்தில் 1 மில்லிமீட்டர் குறைவாகவும் அளந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். 37-ஐ 44-ஆல் வகுத்தால் எண் 84 ஆகிவிடுகிறது. பிழை மறுபக்கம் நேர்ந்தால், 35-ஐ 46-ஆல் வகுக்க, எண் 76 ஆகிறது. ஆக, ஒரே மனிதரின் ஒரே மூக்கு 76 முதல் 84 வரை எங்கும் நிற்கலாம்! அகலம் 37, உயரம் 45 உடைய இன்னொருவரின் எண் 82. அவர் 'இடைப்பட்ட' வகை. அதே 1 மில்லிமீட்டர் பிழை நேர்ந்தால் எண் 86-ஐத் தாண்டி அவர் 'அகன்ற' வகைக்குப் போய்விடுவார். காலையில் அளந்தால் ஒரு வகுப்பு, மாலையில் அளந்தால் வேறு வகுப்பு!

ஒரு மில்லிமீட்டர் பிழை மிகையன்று. மூக்கின் அடிப்பகுதி தசையால் ஆனது. கருவியைச் சற்று அழுத்தினால் உள்வாங்கும். மூக்கின் உச்சியோ, நெற்றி எலும்பும் மூக்கெலும்பும் கூடும் இடம். அது தோலுக்கு அடியில் இருப்பது. விரலால் தடவித்தான் உணர வேண்டும். இருவர் தடவினால் இரண்டு இடங்களைக் காட்டக்கூடும்.

'ஒருவரை அளந்தால்தானே இந்தச் சிக்கல்? பலரை அளந்து சராசரி எடுத்தால் பிழை குறையுமே?' என்று மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. 25 பேரை அளந்து சராசரி கண்டால், ஒழுங்கற்ற பிழைகள் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும் என்பது உண்மையே. ஆயின் முறையான பிழைகள் அவ்வாறு குறையமாட்டா. உச்சிப் புள்ளியை எப்போதும் சற்றுத் தாழ்வாகவே கொள்ளும் வழக்கம் ஒருவருக்கு இருந்தால், ஆயிரம் பேரை அளந்தாலும் அப்பிழை அப்படியே நிற்கும். சராசரிக்கு வேறொரு வரம்பும் உண்டு. ஒரு குழுவின் சராசரி 85, மற்றொன்றின் சராசரி 80 என்றால், முதற் குழுவில் உள்ள எல்லாரும் இரண்டாம் குழுவினரைவிட அகன்ற மூக்கினர் என்று பொருளன்று. இரு குழுக்களின் அளவுகளும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தே இருக்கும். சராசரி என்பது குழுவைப் பற்றிய ஒரு செய்தி. தனி மனிதரின் நெற்றியில் ஒட்டக்கூடிய சீட்டன்று.

ஓர் இயற்பியலாரின் திருத்தம்

இந்த அளவுகளைக் கண்டு ஐயுற்றவர்களுள் முதன்மையானவர் ஓர் இந்திய இயற்பியலார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்று, கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராகப் பணியாற்றியவர் பி. சி. மகலனோபிஸ். 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவியவரும் அவரே. 1930-களில் அவர் ரிஸ்லியின் அளவுகளை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, பிழைகளைக் களைந்து மறுபடி கணக்கிட்டார். ஒரே ஓர் அளவைக் கொண்டு இரு மக்கட்குழுக்களை ஒப்பிடுவது போதாது. பல அளவுகளையும் அவற்றிற்கிடையே உள்ள தொடர்பையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்ற கருத்து அவர் பணியில் வளர்ந்தது. 1936-இல் அவர் வெளியிட்ட 'மகலனோபிஸ் தொலைவு' இன்று மருத்துவம் முதல் கணிப்பொறி வரை எங்கும் பயன்படுகிறது. பிழையான ஓர் அளவைத் திருத்தப் புகுந்த முயற்சி புதிய கணிதக் கருவி ஒன்றை உலகுக்குத் தந்தது.

சரி, பிழையின்றி அளந்துவிட்டோம் என்றே கொள்வோம். மூக்கின் அகலம் எதைக் காட்டுகிறது? நாம் உள்ளிழுக்கும் காற்று நுரையீரலை அடையுமுன் உடலின் வெப்பநிலையை எட்ட வேண்டும். ஈரத்தால் நிறைவுபெறவும் வேண்டும். மூக்குத் துளை குறுகலாக இருந்தால், காற்று ஈரமான உட்சுவரோடு நெருங்கி உரசிச் செல்லும். வெப்பமும் ஈரமும் விரைவில் ஏறும். குளிரும் வறட்சியும் மிக்க நாட்டில் இது நன்மை. வெப்பமும் ஈரமும் மிக்க நாட்டில் இதற்குத் தேவை குறைவு. மூக்குத்துளையின் அகலம் முன்னோர் வாழ்ந்த இடத்தின் வெப்பநிலையோடும் காற்றின் ஈரப்பதத்தோடும் தொடர்புடையது என்று 2017-இல் வெளியான ஓர் ஆய்வும் காட்டியது. ஆகவே மூக்கு ஏதேனும் சொல்லுமாயின், முன்னோர் எத்தகைய காற்றை உட்கொண்டனர் என்பதையே சொல்லும். அறிவையோ நாகரிகத்தையோ பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

கண்ணுக்குத் தெரியாத ஏணி

இருளர் பகுதியில் உள்ள பெருங்குறை அட்டவணையில் இல்லை. அதற்கு விளக்கமாக வரும் சொற்களில் இருக்கிறது. செங்கல்பட்டு நகரில் குடியேறிய இருளர், நீலகிரிக் காட்டில் வாழும் இருளரைவிட நாகரிகத்தில் ஒரு படி உயர்ந்தவர்கள் என்று தர்ஸ்டன் எழுதுகிறார். இவ்வாறு சொல்வதற்கு ஓர் ஏணி வேண்டும். அதில் படிகள் வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஓர் அளவு வேண்டும். நூலில் அந்த ஏணி எங்கும் வரையறுக்கப்படவில்லை. வெப்பநிலைமானி ஒன்றைச் செய்பவர், பனிக்கட்டி உருகும் புள்ளியையும் நீர் கொதிக்கும் புள்ளியையும் முதலில் குறித்துக்கொள்கிறார். நாகரிகமானியில் அந்த இரு புள்ளிகள் யாவை? மேல்புள்ளி நூலாசிரியரின் நாடு, கீழ்ப்புள்ளி காடு என்று சொல்லாமலே கொள்ளப்பட்டிருக்கின்றன.

நீலகிரி இருளர் தமக்கெனத் தனி மொழி உடையவர்கள். அது திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதி இருளர் தமிழ் பேசுவோர். ஒரு சாரார் மலைச்சரிவில், மற்றொரு சாரார் ஏரிப்பாசன வயல்களின் நடுவில். அவர்கள் வெவ்வேறு சூழலுக்கு ஏற்ப வெவ்வேறு வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர்கள். ஒருவரை மற்றவரின் 'முந்திய படி' என்று சொல்ல எந்தச் சோதனையும் இல்லை.

அளக்காமல் விட்டவை

அளக்கத் தெரிந்த ஒருவர், இருளர் வாழ்வில் அளக்கத்தக்கவற்றை அளக்காமல் விட்டதே நமக்கு உண்மையான இழப்பு. சிலவற்றைப் பார்ப்போம்.

அறுவடை முடிந்த வயலில் எலி பிடிப்பதைக் கிராமத்து மாணவர் அறிவர். வயலில் பல வளைகள் தெரியும். எதில் எலி இருக்கிறது? வாயில் சிலந்தி வலை இருந்தால் உள்ளே போக்குவரத்து இல்லை. புதிதாகத் தள்ளிய ஈரமண் குவிந்து வாய் அடைபட்டிருந்தால் உள்ளே எலி உண்டு. ஒரு வளைக்குப் பல வாய்கள் இருக்கும். அவற்றைத் தேடி அடைத்து, ஒன்றில் மட்டும் புகையைச் செலுத்துவர். அடியில் துளையிட்ட மண்பானையில் வைக்கோலைத் திணித்து, தீ மூட்டி, துளையில் வாய் வைத்து ஊதுவர். குறைந்த காற்றில் எரியும் வைக்கோல் கார்பன் மோனாக்சைடு கலந்த புகையைத் தரும். எலி மயங்கும். வளையைத் தோண்டினால் எலியும் கிடைக்கும். அது சேர்த்து வைத்த நெற்கதிரும் கிடைக்கும். உழவருக்குப் பயிர்க்காவல், இருளருக்கு உணவு. இதில் தடம் அறிதல், வாயுக்களின் ஓட்டம், எரிதல் என்று ஒரு பாடத்திட்டமே அடங்கியிருக்கிறது.

இம்முறையின் தீங்கையும் மறைக்கக்கூடாது. ஊதுபவரின் நுரையீரலுக்கும் அதே புகை செல்கிறது. சூடான பானை உதட்டையும் கையையும் சுடுகிறது. 2000-க்குப் பின் கையால் சுழற்றும் எஃகுப் புகைக்கருவி ஒன்று உருவாக்கப்பட்டு இருளர் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டது. பழைய முறையின் தத்துவம் மாறவில்லை. வாயின் வேலையைச் சுழல்விசிறி ஏற்றுக்கொண்டது. மரபறிவும் பொறியியலும் கைகோத்தால் என்ன நிகழும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஈசலை எடுத்துக்கொள்வோம். முதல் மழைக்குப் பின், காற்றில் ஈரம் மிகுந்து அடங்கிய மாலையில் புற்றிலிருந்து ஈசல் புறப்படும். எந்தப் புற்றில், எந்த மாலையில் என்பதை அறிந்து, அருகே குழி வெட்டி விளக்கு வைத்துக் காத்திருக்க வேண்டும். ஒளியை நாடும் பூச்சியின் இயல்பும் வானிலைக் கணிப்பும் இங்கே ஒன்றாகின்றன. கொழுப்பும் புரதமும் மிகுந்த இவ்வுணவு, வேலையும் தானியமும் குறைந்த காலத்தில் கைகொடுப்பது. ஈசல் பிடிப்பதைக் குறித்த தர்ஸ்டன், அதற்குள் இருக்கும் கணக்கைக் கேட்கவில்லை.

சோதனையில் தேறிய அறிவு

பாம்பு பற்றிய அறிவோ ஏட்டளவில் நிற்கவில்லை; கடுமையான சோதனைகளில் தேறியிருக்கிறது. ஒரு காலத்தில் இருளர் பலர் தோல் வணிகத்திற்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்தனர். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை விதிக்கப்பட்டது. பாம்புகளுக்கு நன்மை, ஆனால் இருளர் குடும்பங்களுக்கு ஒரே நாளில் பிழைப்பு போயிற்று. 1978-இல், பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியுடன், இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்குகிறது.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிருடன் பிடித்து வந்து மண்பானைகளில் வைக்கின்றனர். ஏறக்குறைய ஒரு மாதத்தில் சில முறை நஞ்சு எடுத்தபின், அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுகின்றனர். உலர்த்திய நஞ்சு மருந்து நிறுவனங்களுக்குச் செல்கிறது. அதனைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து நச்சுமுறி மருந்து செய்யப்படுகிறது. நாட்டில் இம்மருந்துக்குத் தேவையான நஞ்சின் பெரும்பகுதியைப் பல ஆண்டுகளாக இச்சங்கமே அளித்து வந்துள்ளது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்பது ஒரு பெரிய ஆய்வின் மதிப்பீடு. அப்படியானால் இந்தப் பணியின் பெருமையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு சோதனை அமெரிக்காவில் நடந்தது. ஃபுளோரிடாவின் சதுப்பு நிலங்களில் பர்மிய மலைப்பாம்பு பெருகித் தொல்லையாயிற்று. 2016-இல் அங்கே நடந்த ஒரு மாதப் போட்டியில் ஏறக்குறைய 1,000 பேர் கலந்துகொண்டு 106 பாம்புகளைப் பிடித்தனர். 2017-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர் அங்கே அழைக்கப்பட்டனர். அவர்கள் முன்பின் பார்த்திராத நிலம் அது. முதல் இரு வாரங்களுக்குள்ளேயே அவர்களும் உடன் சென்றோரும் 13 பாம்புகளைப் பிடித்தனர். தடம், எச்சம், கழற்றிய சட்டை, வளையின் வாய் ஆகியவற்றைப் படிக்கும் முறை கண்டம் தாண்டியும் செல்லுபடியாயிற்று. 2023-இல் அவ்விருவருக்கும் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இங்கு ஓர் எச்சரிக்கை. பாம்பைப் பிடிக்கும் திறன் வேறு. பாம்புக்கடிக்கு மருத்துவம் வேறு. பாம்பு கடித்தால் பச்சிலை தேடி நேரத்தை வீணாக்காமல் மருத்துவமனைக்கு விரைவதே வழி. நச்சுமுறி மருந்துக்கு ஈடாக மெய்ப்பிக்கப்பட்ட மூலிகை ஏதுமில்லை. இருளரின் மூலிகை அறிவு சிறப்புடையது. 1986-இல் தொடங்கிய இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் அதனைப் பேணி வருகிறது. ஆயினும் ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியே சோதித்து ஏற்பதே அறிவியல்.

மறுகோடியில் ஒரு பிழை

தர்ஸ்டனை மறுப்போர் சிலர் நேர் எதிர்க்கோடிக்குச் சென்றுவிடுகின்றனர். 'இயற்கையின் குழந்தைகள்', 'இரத்தத்தில் ஊறிய அறிவு', 'பிறவியிலேயே பாம்பின் மொழி அறிந்தவர்கள்' என்றெல்லாம் எழுதுவது இதழ்களில் வழக்கமாகிவிட்டது. புகழ்ச்சியாகத் தோன்றினாலும் இது தர்ஸ்டனின் பிழையே. அவர் மூக்கில் தேடியதை இவர்கள் இரத்தத்தில் தேடுகின்றனர். இருளர் சிறுவன் தந்தையுடனும் தாயுடனும் பல ஆண்டுகள் வரப்பில் நடந்து, தவறிழைத்து, திருத்தப்பெற்றுத் தடம் படிக்கக் கற்கிறான். நம் மாணவர் ஆய்வகத்தில் கற்பது போன்றதே அது. பிறவி அறிவு என்று சொன்னால் அந்த உழைப்பு மறைந்துபோகும்.

பழங்குடி மக்களின் அறிவை எவ்வாறு அளக்க வேண்டும் என்பதற்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்று தருவோம். தென் அமெரிக்காவின் அமேசான் மழைக்காட்டில், பெரு, கொலம்பியா நாடுகளில் போரா என்ற மக்கள் வாழ்கின்றனர். தர்ஸ்டன் நூல் வெளிவந்த அதே காலத்தில் அவர்கள் இரப்பர் வணிகரின் கொடுமைக்கு ஆளாகி அழிவின் விளிம்பில் நின்றனர். மரத்தைக் குடைந்து செய்த 'மங்குவாரே' என்ற இரட்டை முரசால் அவர்கள் பல கிலோமீட்டர் தொலைவுக்குச் செய்தி அனுப்புவர். முன்னாள் பயணிகள் இதனை வியப்பு என்றும் சடங்கு என்றும் எழுதினர். 2018-இல் ஆய்வாளர் சிலர் முரசொலியைப் பதிவு செய்து, அடிகளுக்கிடையே உள்ள கால இடைவெளிகளை அளந்தனர். போரா மொழியின் இரு சுரங்களை முரசின் இரு ஒலிகள் காட்டுகின்றன. சொற்களின் அசையமைப்பை இடைவெளிகள் காட்டுகின்றன என்று கண்டனர். அவர்கள் முரசடிப்பவரின் மூக்கை அளக்கவில்லை. அவர் செய்யும் செயலை அளந்தனர். வேறுபாடு அதுதான்.

இன்று இதனால் என்ன?

நூறாண்டுக்கு முந்திய நூலைக் குறைகூறி ஆவதென்ன என்று கேட்கலாம். ஆவது உண்டு. பழங்குடிச் சான்றிதழ் இல்லாமல் இருளர் மாணவருக்குக் கல்வி உதவி இல்லை. 1994-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், சான்றிதழை ஆராயும்போது தெய்வம், சடங்கு, திருமண முறை போன்ற மானிடவியல் கூறுகளையும் விசாரிக்கலாம் என வழிகாட்டியது. அன்றிலிருந்து பழைய இனவரைவு நூல்களின் விவரிப்பு மக்களுக்கு அளவுகோலாகிவிடும் இடர் இருந்து வருகிறது. மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனை வழிபடும் வழக்கம் இன்றும் உள்ளது. ஆனால் செங்கற்சூளையில் வளர்ந்து, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் படிக்கும் ஒரு பெண்ணுக்குப் பாம்பு பிடிக்கத் தெரியாமல் இருக்கலாம். அதனால் அவள் இருளர் அல்லள் என்று ஆகிவிடுமா? 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே, இத்தகைய ஒப்புமைச் சோதனையை முடிவான உரைகல்லாகக் கொள்ளக்கூடாது என்று தெளிவுபடுத்தியது. அறிவியல் நோக்கிலும் அது சரியான தீர்ப்பே. மக்கள் மாறுகின்றனர், 1909-இல் எழுதிய விவரத்தோடு பொருந்தவில்லை என்றால் பழையதாகிவிட்டது அந்த விவரமே.

இன்னொன்றும் உண்டு. 'கீழ்ப்படி மக்கள்' என்ற எண்ணம் அவர்கள் உழைப்புக்குக் கீழ்விலை வைக்கத் துணை செய்கிறது. கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் 2019 ஜூலையில், காஞ்சிபுரம், வேலூர் பகுதிகளில் விறகு வெட்டும் இடங்களிலிருந்து இருளர் 42 பேர் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டனர். சட்டம் வந்து 43 ஆண்டுகள் கழித்து!

உத்திரமேரூர்க் கோயிற்சுவரில் கி.பி. 921-இல் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டு உலகப் புகழ் பெற்றது. ஊர்ச் சபைக்கு நிற்பவர் 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும். இறை கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராயிருக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. நிலமற்றவர் அந்தக் கணக்கில் வரவில்லை. எந்த ஆவணமும் அதை எழுதியவர் எதைக் கணக்கில் கொண்டார் என்பதையே காட்டும். கல்வெட்டுக்கும் இது பொருந்தும். தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளுக்கும் பொருந்தும்.

எனவே தர்ஸ்டனைத் தூக்கி எறிய வேண்டியதில்லை; படிக்கத் தெரிந்து படிக்க வேண்டும். கண்ணால் கண்டதாக அவர் எழுதும் செய்திகளைச் சான்றாகக் கொள்ளலாம். அட்டவணைகளைப் பிழை வரம்போடு பார்க்க வேண்டும். உயர்ந்த படி, தாழ்ந்த படி என்று வரும் இடங்களை அக்காலத்து ஆட்சியாளரின் மனப்பாங்கு என்று குறித்துக்கொண்டு கடந்து செல்ல வேண்டும். அவர் எழுதாமல் விட்டதை எழுதுவது இனி நம் வேலை. நம் மாணவர் கையில் நாட்குறிப்பும் கடிகாரமும் ஈரமானியும் உண்டு. எந்த ஈரப்பதத்தில் ஈசல் புறப்படுகிறது, ஒரு வளையில் எத்தனை கிலோ நெல் கிடைக்கிறது என்பவற்றை, தம் ஊர் இருளர் பெரியவர்களிடம் முறைப்படி கேட்டு, அவர்கள் இசைவோடு, அவர்கள் பெயரையும் சேர்த்து எழுதலாம். அவ்வாறு எழுதப்படும் நூலில் இருளர் அளக்கப்படும் பொருளாக இரார். அளப்பதில் நமக்கு ஆசிரியராக இருப்பர்.